ஏற்காட்டில் நடந்த வளைகுடாச் சண்டை

ரேடியோ பழுது பார்க்கும் தொழிலில் ரேடியோவால் வரும் தொல்லை குறைவு. அதைக் கேட்க வருகிறவர்களால் வரும் தொல்லைதான் அதிகம். கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கிளியூர் சடையனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஐப்பசி மழையில். சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு என் கடை வாசலில் ஒதுங்கினார். என் மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை; சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்று மட்டும் கேட்டார். பஸ் வந்ததும் படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்து, "இப்ப எந்த ஊர்லீங்க சண்டை?" என்றார். நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நல்ல ரேடியோவுக்கு வைத்தியம்

நான் யாரிடமும் தொழில் படித்தவன் அல்ல. பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டேன். அதனால் என் வேலை மேல் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. சரி செய்த ரேடியோவை உடனே கொடுத்து அனுப்ப மாட்டேன். ஒரு நாள் முழுக்கக் கடையிலேயே பாட விட்டு, நின்று போகாமல் ஓடினால்தான் தருவேன். எவ்வளவு அவசரம் என்றாலும் இதில் மாற்றம் கிடையாது. ஏற்காட்டுக்கே இது தெரியும்.

ஈராக் குவைத்துக்குள் புகுந்த வருஷம் இந்த வழக்கமே எனக்கு வினையாயிற்று. ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஓட்டல் கந்தசாமி அமெரிக்கக் கட்சி. டி.வி.யில் அதன் போர்க் கப்பல்கள் வரிசையாகப் போனதைப் பார்த்ததிலிருந்து அமெரிக்கா மேல் அவருக்குத் தனி மரியாதை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தேவராஜ் ஈராக் கட்சி. அவருடைய மேனேஜர் அமெரிக்காவை ஆதரித்தார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கந்தசாமி ஆட்களுக்கு லண்டனிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி வேண்டும். தேவராஜ் ஆட்களுக்கு மாஸ்கோ வேண்டும். கடையில் பாடுவது அன்றைக்குச் சரி செய்த ரேடியோதான், நிலையமும் அதன் சொந்தக்காரர் சொல்வதுதான் என்பதால், இரு கட்சியாரும் போட்டி போட்டுக்கொண்டு ரேடியோ கொண்டு வந்தார்கள். ஒருநாள் தேவராஜ் கொண்டு வந்ததைத் திறந்து பார்த்தேன். புத்தம் புதிது, ஒரு குறையும் இல்லை. என்ன கோளாறு என்று கேட்டேன். அவர் சொன்னார்: "கோளாறு ரேடியோவுல இல்லைங்க, ஊர்ல இருக்குது. நாளைக்குப் பொழுதோட வரைக்கும் மாஸ்கோவையே பாட உடுங்க, சரியாப் போயிரும்."

சடையன் எந்தப் பக்கம்

சடையன் காப்பிச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து எடுக்கும் வேலை பார்த்தவர். மகன் ராசு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு லாரி டிரைவராகக் குவைத்துக்குப் போனான். சண்டை தொடங்கிய பின் அவனிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அங்கிருந்த நம் ஆட்களை விமானத்தில் அழைத்து வந்தார்களே, அதிலும் அவன் வரவில்லை. சடையன் வீட்டில் ரேடியோ கிடையாது. வேலை முடிந்ததும் கிளியூரிலிருந்து நடந்து வந்து என் கடை ஓரத்தில் நிற்பார். செய்தியில் ஏதாவது ஊர்ப் பெயர் வந்தால் அது குவைத்துக்குக் கிட்டவா எட்டவா என்று என்னிடம் கேட்பார். எனக்கும் தெரியாது.

இரு கட்சியாருக்கும் அவர் மேல் ஒரு கண். குவைத்தில் மகன் இருக்கிற ஒரே ஆள் தங்கள் பக்கம் பேசினால் அது பெரிய பலம் அல்லவா? கந்தசாமி டீ வாங்கிக் கொடுத்தார். தேவராஜ் பீடிக் கட்டு வாங்கிக் கொடுத்தார். சடையன் டீயைக் குடித்தார், பீடியைப் பிடித்தார், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தேவராஜ் பொறுமை இழந்து, இன்றைக்கு நீ எந்தப் பக்கம் என்று சொல்லாமல் போகக் கூடாது என்று வழியை மறித்தார். சடையன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "எம் பையன் நிக்கற பக்கம் குண்டு போடாதவன் எவனோ, அவன் பக்கமுங்க."

வாயை மூடச் சொன்ன குற்றம்

ஜனவரியில் குண்டு வீச்சு தொடங்கியதும் கடை வாசலில் நிற்க இடமில்லை. செய்தி வாசிப்பவர் ஒரு வரி சொன்னால் இவர்கள் ஒன்பது வரி சொன்னார்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் போகாதவர்கள் பாலைவனத்தில் டாங்கியை எப்படித் திருப்ப வேண்டும் என்று விளக்கினார்கள். சட்டைக் காலரைப் பிடிக்கிற அளவுக்கும் போனது. இந்த இரைச்சலுக்கு நடுவே சடையன் ரேடியோவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு கேட்க முயல்வதை இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் ரேடியோவை அணைத்துவிட்டுச் சொன்னேன்: செய்தி முடியும் வரை என் கடையில் யாரும் பேசக் கூடாது, பேசுகிறவர் தன் ரேடியோவை எடுத்துக்கொண்டு போகலாம். நான் கூட்டத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

அதுவரை எதிலும் ஒத்துப் போகாத இரு கட்சியும் இதில் ஒத்துப் போயின. அவன் என்ன பெரிய ஆளா, ரேடியோ நம்முடையது, காது நம்முடையது என்று மறுநாளே வந்து சரி செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். என் கடைக்கு இனி யாரும் வேலை கொடுக்கக் கூடாது என்று கடைவீதியில் பேசி வைத்தார்கள். மிஞ்சியது என் சொந்த ரேடியோவும், சடையனும், நானும். சாப்பாடு கொண்டு வந்த என் மனைவி காலியான அலமாரியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முக்காலியை இழுத்துச் சடையன் பக்கம் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு கச்சியும் போனதுல கடை நொம்ப விசாலமா இருக்குதுங்க. இப்பவாச்சும் அந்தப் பெரியவரு உக்காந்து கேக்கட்டும்."

கண்ணீர் அஞ்சலி

சண்டை நின்றது. ராசுவிடமிருந்து கடிதம் இல்லை. குவைத்திலிருந்து ஓமலூருக்குத் திரும்பிய ஒருவர், வரிசையாக நின்ற லாரிகள் மேல் குண்டு விழுந்ததாகவும், அதில் ராசுவின் வண்டியும் இருந்ததாகக் கேள்விப்பட்டதாகவும் யாரிடமோ சொன்னாராம். இது வாய் மாறி வாய் மாறி மலையேறுவதற்குள் ராசு செத்தே போனான். இரு கட்சியாரும் தனித்தனியாகச் சேலத்துக்கு ஓடிப் போஸ்டர் அடித்தார்கள். ஒன்றில் 'ஈராக்கின் வெறிக்குப் பலியான ஏற்காட்டு மைந்தன்'. இன்னொன்றில் 'அமெரிக்கக் குண்டுக்குப் பலியான வீர மகன்'. இரண்டிலும் ஒரே படம், அவன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. பஸ் ஸ்டாண்டு சுவரில் இரண்டு ராசுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போஸ்டர் ஒட்டிய பிறகும் ராசுவின் மனைவி செல்வி பூவும் பொட்டுமாக இருப்பது சரியா என்று பேச்சு கிளம்பியது. தாலியைக் கழற்றச் சொல்லப் பெண்கள் நான்கு பேர் கிளியூருக்கே போனார்கள். வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பிய சடையன், அவர்களுக்குப் பின்னாலேயே கவாத்துக் கத்தியோடு கடைவீதிக்கு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. இரண்டு போஸ்டரையும் சுவர்ச் சுண்ணாம்பு உதிரச் சுரண்டினார். செல்வியும் கூட வந்திருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம். கீழே விழுந்த காகிதத்தை அவள் கூட்டி அள்ளினாள். கந்தசாமி ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். சடையன் திரும்பினார். "எம் பையன் செத்தான்னு சொல்ல அமெரிக்காவுக்கும் உரிமை இல்லீங்க, ஈராக்குக்கும் உரிமை இல்லீங்க. என்ற ஊட்டுச் சாவை நாந்தான் சொல்லோணும். நான் இன்னும் சொல்லலை."

ஓட விட்டுத்தான் தருவேன்

கட்சிக்காரர்கள் அதற்கும் அடங்கவில்லை. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, ஊர் சார்பாக நாமே சேர்ந்து இரங்கல் கூட்டம் நடத்துவோம் என்று முடிவு செய்தார்கள். கூட்டம் நடந்துவிட்டால் ராசு ஊரறியச் செத்தவன் ஆகிவிடுவான்; செல்வியை யாரும் விட்டு வைக்க மாட்டார்கள். ஏற்காட்டில் மைக் செட் என்னிடம் மட்டும்தான் இருந்தது. தர மாட்டேன் என்றேன். சேலத்திலிருந்து வரவழைத்தார்கள். பஸ் கூரையில் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் குலுங்கி வந்த ஆம்ப்ளிஃபயர், மேடையில் ஏறியதும் ஊமையாயிற்று.

வேறு வழி? என்னிடம்தான் தூக்கி வந்தார்கள். திறந்தேன். ஒரு கம்பி விட்டுப் போயிருந்தது. அவர்கள் பார்க்கவே பற்றவைத்தேன். பிறகு மேஜை மேல் வைத்து, நாளைக்கு வாருங்கள், ஒரு நாள் ஓட விட்டுத்தான் தருவேன் என்றேன். மறுநாள் அது சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். கெஞ்சினார்கள். மிரட்டினார்கள். கடையைக் கொளுத்துவோம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆம்ப்ளிஃபயர் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மைக் இல்லாமல் பேச அவர்களில் ஒருவருக்கும் பழக்கமில்லை, கூட்டம் நடக்கவில்லை. படியிறங்கும்போது கந்தசாமி தேவராஜிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "அமெரிக்காவே நெனச்சாலும் இந்தாளை அசைக்க முடியாது போலிருக்குதுங்க ரைட்டரே."

ராசு கேட்ட கேள்வி

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில், மத்தியான பஸ்ஸில் ராசு வந்து இறங்கினான். எலும்பும் தோலுமாக இருந்தான். எல்லை தாண்டி எந்தெந்தக் கூடாரத்திலோ இருந்துவிட்டு, யார் யாரோ வண்டியேற்றி அனுப்ப வந்து சேர்ந்திருக்கிறான். போட்ட கடிதங்கள் எங்கே போயினவோ தெரியாது. யாரோ கிளியூருக்கு ஓடினார்கள். சடையனும் செல்வியும் வருவதற்குள் இரு கட்சியும் அவனைச் சூழ்ந்துகொண்டன. தப்பு யார் மேல், நீயே கண்ணால் பார்த்தவன், சொல் என்று தேவராஜ் ஒரு கையையும் கந்தசாமி ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். ராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டான்: "கூடாரத்துல ரேடியோ கெடையாதுங்க. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும், யாருங்க ஜெயிச்சாங்க?"

முதலில் சொன்னேனே, அந்த ஐப்பசி முடிவதற்குள் சடையன் காலமானபோது இரு கட்சியாரும் கிளியூருக்கு வந்து மாலை போட்டார்கள். போஸ்டர் அடிக்க மட்டும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அவர் வீடு இருக்கிறது. ராசுவும் செல்வியும் அதில் குடியிருக்கிறார்கள்.