ஒஷாவாவில் பரிமாறிய சைனீஸ் ரோல்ஸ்

நான் சீனாவுக்குப் போனதில்லை. போகாமலே எத்தனையோ பேரைச் சீனப் பெருஞ்சுவரில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் இருந்த ஒரு சின்னப் பயண முகவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஹொங்கொங்கில் இருந்து வந்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். சீனா அப்போதுதான் வெளிநாட்டுக்காரருக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தது. பெய்ஜிங்கில் அரண்மனை, பிறகு பெருஞ்சுவர், சியானில் நிலத்துக்குள் இருந்து தோண்டியெடுத்த களிமண் சிப்பாய்கள், கடைசியாகக் குய்லினில் ஆற்றுப் படகு. எங்கள் பயணிகள் இந்தத் தடத்தில் கூட்டமாகத்தான் போகவேண்டும். கூட்டத்துக்கு ஒரே விசா. சேர்ந்து உள்ளே போனவர்கள் சேர்ந்துதான் வெளியே வரலாம். பதினாறு பேர் சேராவிட்டால் பயணமே இல்லை.

மேடத்தின் இங்கிலீசை என் தமிழில் சொல்கிறேன். "மார்ச் முடியமுன்னம் பதினாறு பேரைச் சேர்த்துத் தாரும். தந்தால் வேலை நிரந்தரம். இல்லையெண்டால் உம்மை வைச்சிருக்க என்னால ஏலாது."

எனக்கு அந்த வேலை என் சோற்றுக்காக மட்டும் என்றால் இத்தனை பாடு பட்டிருக்கமாட்டேன். சண்டைக்குப் பயந்து மன்னாரில் இருந்து வெளிக்கிட்ட அம்மா, கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றின் அறையில் தனியாக இருந்தார். இரவில் யாராவது கதவைத் தட்டினால் லைற்றை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் இருப்பதாக எழுதியிருந்தார். கனடாவில் நிரந்தரமாக இருக்க எனக்கு லாண்டட் பேப்பர் கிடைத்துவிட்டது. அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட நிரந்தர வேலை வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பதினாறு பேரை நான் பிடித்தால் அம்மா வருவார்.

சும்மா விடுவேனா? ஸ்லைட் மெஷினைத் தோளில் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன். பனியிலே பஸ் ஏறி, தேவாலய மண்டபம், ஓய்வூதியக்காரர் சங்கம் என்று ஓர் இடம் விடவில்லை. மேடத்தின் படங்களைச் சுவரில் காட்டி, களிமண் சிப்பாய்களில் ஒருவன் முகம்போல இன்னொருவன் முகம் இல்லை என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரிச் சொல்லுவேன். உள்ளுக்குள் எரிச்சலும் வரும். பழைய சுவரைப் பார்க்க ஆசை ஆசையாகப் போகிறார்கள், எங்களுக்கோ வீட்டுச் சுவர் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று சொல்ல ஆளில்லை. ஆனால் எரிச்சலைக் காட்டினால் ஆள் சேருமா? பல்லைக் காட்டிக்கொண்டே அடுத்த ஸ்லைட்டைப் போடுவேன்.

மார்ச் மாதம் பிறந்தபோதும் பாதிப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். கடைசி நம்பிக்கை ஒஷாவா. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருக்கும் ஊர். அங்கே ஒரு நூலக மண்டபத்தை எடுத்தோம். சீனாவில் இருந்து வந்திருந்த உல்லாசப் பயணத்துறை அதிகாரி ஒருவரும் பேச ஒத்துக்கொண்டார். "வாற ஆக்களுக்குச் சீனச் சாப்பாடு ஏதும் குடுக்கவேணும்" என்றார் மேடம்.

"நான் செய்து கொண்டுவாறன் மேடம். எனக்குச் சைனீஸ் ரோல்ஸ் நல்லா வரும்" என்றேன்.

அவர் தன் ஊர் ரோல்ஸை நினைத்துத் தலையாட்டினார். நான் என் ஊர் ரோல்ஸை நினைத்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்குமே, அதன் பெயரே சைனீஸ் ரோல்ஸ்தானே. எந்தச் சீனன் கொண்டுவந்தான் என்று யார் கேட்டோம்?

வெக்ஸ்போர்ட்டில் நான் தங்கியிருந்த அப்பார்ட்மென்ற்காரி அன்ரியும் நானும் இருந்து செய்தோம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் இறைச்சி இல்லை. தகர ரின்னில் அடைத்த மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய். ரொட்டியில் சுற்றி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில், அதுதான் பிரெட்தூளில், பிரட்டிப் பொரித்தோம்.

"எடி பிள்ளை, உறைப்புக் காணுமோ? சீனாக்காரர் உறைப்புத் தின்னுறவையோ?" என்றார் அன்ரி.

"அவையின்ரை சாப்பாடுதானே அன்ரி, தின்னாமல் என்ன?" என்று இன்னும் ஒரு பிடி மிளகாயை அள்ளிப் போட்டேன். அறிவாளி நான்!

மண்டபம் நிறைந்திருந்தது. நீலக் கோட்டுப் போட்ட அதிகாரிக்கு முதல் தட்டை நானே நீட்டினேன். ஒன்றைக் கடித்தார். கண் கலங்கியது. மென்று முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படியாக, மெதுவான இங்கிலீசில் கேட்டார்.

"நல்ல ருசியாயிருக்கு. இது எந்த நாட்டுச் சாப்பாடு?"

"சைனீஸ் ரோல்ஸ், சேர்."

அவர் ரோல்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீனாவில நான் ஒருநாளும் கண்டதில்லை" என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. மேடம் தன் கையில் இருந்த ரோல்ஸைக் கடிக்காமலே பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. குரலிலேயே தெரிந்தது. "நீர் சீனாவுக்குப் போயிருக்கிறீரோ?"

இதற்கு மேடம் எனக்கு ஒரு பதில் பழக்கியிருந்தார். இரண்டு தரம் போனேன், அருமையான நாடு என்று சொல்லவேண்டும். வேறு இடங்களில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ரோல்ஸோடு அகப்பட்ட வாயால் அதை எப்படிச் சொல்லுவது? சொன்னால் யார் நம்புவார்கள்? வெள்ளவத்தை அறையும் அணைந்த லைற்றும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஸ்லைட் மெஷினை நிற்பாட்டினேன்.

"இல்லை. சீனா என்ன, பக்கத்தில இருக்கிற பஃபலோவுக்கே நான் போனதில்லை. இதைச் சீனச் சாப்பாடு எண்டுதான் இண்டைக்கு வரைக்கும் நம்பியிருந்தன். எங்கட நாட்டில பேக்கரிக்குப் பேக்கரி இந்தப் பேரிலதான் விக்கிறாங்கள். சீனாவில என்ன இருக்கெண்டு இந்த ஐயா சொல்லுவார். நீங்கள் போய்ப் பாருங்கோ. என்னால சொல்லக்கூடியது வேறை. போக முதல் உங்கட மருந்துப் பெட்டியையும் சப்பாத்தையும் நான் வந்து பார்ப்பன். உங்கட வீட்டுக்காரர் எந்த நேரம் போன் எடுத்தாலும் நான் எடுப்பன். நீங்கள் திரும்பி வரேக்குள்ள எயார்போர்ட் வாசலில நான் நிப்பன். பதினாறு பேரும் வெளியில வருமட்டும் அங்கையிருந்து அசையமாட்டன்."

இவ்வளவையும் இங்கிலீசில் சொன்னேன். எத்தனை பிழை விட்டேனோ தெரியாது.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிளேன் பிந்தினால்?"

"பிந்தினாலும் நிப்பன்."

"அப்ப என்னைச் சேர்த்துக்கொள்ளும்" என்று அவர் இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு தம்பதி, பிறகு அண்ணன் தம்பி இருவர். கூட்டம் கலைவதற்குள் பதினாறும் நிரம்பிவிட்டது. ரோல்ஸ் தட்டுகளும் வெறுமையாகிவிட்டன.

போகும்போது அதிகாரி ஒன்று சொன்னார். "ஒருநாளைக்கு எங்கட சனமும் பஸ் பஸ்ஸா வந்து நயாகராவைப் பார்க்கும்." அப்போதும் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இன்றைக்கு அங்கே போனால் அவர்களுடைய பஸ்களுக்குள் புகுந்துதான் அருவியைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் பதினாறு பேரும் போனார்கள். திரும்பி வந்த நாள் பிளேன் பிந்தித்தான் வந்தது. நான் நின்றேன். ஆசிரியை வெளியே வந்து என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த மேடம், அதுவரை தராமல் வைத்திருந்த நிரந்தர வேலைக் கடிதத்தை மறுநாளே தந்துவிட்டார். ஆனால் ரோல்ஸைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எண்பத்தேழில் அம்மா வந்தார். பதினாறு பேருக்காக நின்ற அதே வாசலில் அன்றைக்கும் நின்றேன். என்னிடம் கார் இல்லாததால் மேடம்தான் கூட்டிவந்திருந்தார். அம்மா பாதியாகிப் போயிருந்தார். என் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார். நானும் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். பிளேனில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றதும் அங்கேயே ஒரு கதிரையில் இருத்தி, கொண்டுபோன பெட்டியைத் திறந்தேன்.

அம்மா ஒன்றைக் கடித்தார். முகம் மலர்ந்தது. "உவவோ உன்ரை முதலாளி?" என்று மேடத்தைப் பார்த்தார்.

"ஓம் அம்மா."

"அதுதானே பார்த்தன். சீனாக்காரியிட்டப் பழகினபடியால்தான் சைனீஸ் ரோல்ஸ் உனக்கு உவ்வளவு நல்லா வந்திருக்கு."

என்ன சொல்கிறார் என்று மேடம் கேட்டார். சொன்னேன். மேடம் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஓம் எண்டு சொல்லும்" என்றார்.

அம்மா பெட்டிக்குள் கைவிட்டு, இருந்ததில் பெரிய ரோல்ஸாகப் பார்த்து எடுத்து மேடத்தின் கைக்குள் திணித்தார்.

"சாப்பிடுங்கோ பிள்ளை. உங்கட சாப்பாடுதானே."

இந்த முறை மேடம் பேப்பரில் சுற்றவில்லை. கண் கலங்கக் கலங்க, கடைசிக் கடி வரைக்கும் சாப்பிட்டு முடித்தார்.