பத்தாயிரத்து ஏழு

என் கணவர் மேலூர் பஸ்ஸில் கண்டக்டர். பெரிய எண் எது கண்ணில் பட்டாலும் எதெதில் வகுபடும் என்று பார்க்காமல் விடமாட்டார். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது, அந்தப் பழக்கமும் போய்விட்டதென்றே நினைத்தேன். பழங்காநத்தம் வீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் பழம், பூ படங்களைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு அது அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு காலையில் ஸ்கேன் எடுக்கப் போனோம். கொடுத்த சீட்டில் 370259 என்று எண். அவரை எப்படியாவது அசைத்துப் பார்க்கலாமென்று, சீட்டின் பின்புறத்தில் நானே வகுக்க ஆரம்பித்தேன். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவள். மூன்றில் போகவில்லை. ஏழில் மீதி ஒன்று. முப்பத்தொன்று வரைக்கும் போட்டுக் கை ஓய்ந்தது.

"ஏங்க, இது எதுலயும் போகல. பகா எண்தான்" என்றேன்.

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். இல்லையென்று தலையாட்டினார். என் பேனாவை இடது கையில் பிடித்து, 37க்கு அடுத்து ஒரு கோடு கிழித்தார். மிச்சமிருந்த 259க்குக் கீழே, 37 × 7 என்று கோணல்மாணலாக எழுதினார். முன்பாதி முப்பத்தேழு பத்தாயிரங்கள், பின்பாதி முப்பத்தேழு ஏழுகள். ஆக, முப்பத்தேழு தடவை பத்தாயிரத்து ஏழு. முப்பத்தொன்றுக்கு அடுத்த பகா எண்ணே முப்பத்தேழுதான். நான் ஒரு படி முன்னால் நின்றுவிட்டிருக்கிறேன்.

அங்கேயே அழுதுவிட்டேன். ரிப்போர்ட் மோசம் போல என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்.

நடந்ததைப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவர் படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அந்தப் பத்தாயிரத்து ஏழு பகா எண்ணா என்று உங்கள் கணவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் என்றார். நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினால் அந்த எண்ணைத் தாண்டிவிடும். அதனால் நூறுக்குள் இருக்கும் பகா எண்களில் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் இருபத்தைந்து. தினம் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். இடது கையால் வகுக்க வேண்டும், மீதியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் "ஒண்ணு" என்று சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. பதினொன்றில் வகுத்த அன்று "எட்டு" தெளிவாக வந்தது. சில நாள் கோபத்தில் தாளைக் கசக்கி எறிந்தார். அன்றைக்கு அதோடு விட்டுவிடுவேன்.

கடைசி எண் தொண்ணூற்றேழு. வகுத்து முடித்துவிட்டு வெகுநேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"மிச்சம்... பதினாறு."

இரண்டு சொல் சேர்ந்து வந்தது அன்றுதான். பத்தாயிரத்து ஏழு எதிலும் வகுபடவில்லை. பகா எண்.

இப்போது டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பேச்சு இன்னும் துண்டு துண்டாகத்தான் வருகிறது. நேற்று தையல் மெஷினில் இருந்த என்னிடம் ஒரு தாளை நீட்டினார்.

"பத்தாயிரத்து ஒம்பது. நீ போடு."

பதின்மூன்று வரைக்கும் போட்டிருக்கிறேன். இதுவரை எதிலும் போகவில்லை.