கார்த்திகைக்குக் கட்டிய வெசாக் கூடு

இங்கே அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். உப்புக் கேட்க வந்தாலும், ஊர்க்கதை பேச வந்தாலும் நிலைப்படிக்கு வெளியே நின்று, "ஏனுங்க, இருக்கீங்களா?" என்கிறார்கள். நான் எங்கே போய்விடப் போகிறேன்? இருப்பதே ஒற்றை அறை, அதற்குள் ஓர் அடுப்பு. சிலோனில் ஹட்டன் பக்கம் இன்னும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அங்கே நம் லயத்து வரிசை வீடுகளில் அடுப்பு அணைந்தால் யாரைக் கேட்டோம்? பக்கத்துக் காம்பராவுக்குள் நேரே நுழைந்து ஒரு கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு வருவோம். வீட்டுக்காரி தூங்கிக்கொண்டிருந்தால் அவளையும் எழுப்பிவிட்டு வருவோம், அதுவும் ஒரு உபகாரம்தானே.

குன்னூருக்குக் கீழே இந்த எஸ்டேட் லைனில் பெரியவர்கள் உள்ளே வராததில் எனக்கு நஷ்டமில்லை. என் மகள் கமலாவோடு விளையாட ஒரு பிள்ளைகூட வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பள்ளிக்கூடத்தில் அவள் பெயரே 'சிலோன்'. அங்கே இருந்தவரை நாங்கள் இந்தியாக்காரர்கள். இங்கே இறங்கியதும் சிலோன்காரர்கள். நடுக்கடலில் கப்பலில் இருந்த கொஞ்ச நேரமாவது இரண்டும் இல்லாமல் நிம்மதியாக இருந்திருக்கலாம், அதையும் வாந்தி எடுத்தே கழித்தோம்.

வீடு லட்சணமாக இருந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று மனக்கணக்குப் போட்டேன். அங்கே தீபாவளிக்கு முன்னால் செய்வோமே, அதேபோல் கமலாவையும் சின்னவன் ரவியையும் கூட வைத்துக்கொண்டு கோதுமை மாவுப் பசை காய்ச்சி, கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பேப்பரை வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டினேன். இந்த ஊர்ப் பனிமூட்டம் நம் பசைக்குக் கட்டுப்படுமா? விடிந்து பார்த்தால் நாட்டு நடப்பெல்லாம் எங்கள் போர்வைமேல் கிடந்தது. யாரோ ஒரு மந்திரி ரவியின் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்.

"கூடு கட்டுவோம்மா" என்றாள் கமலா. வெசாக் கூடுதான். அங்கே நம் தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் புத்தர் பண்டிகைக்கு வருஷா வருஷம் தாள் ஒட்டிய விளக்குக் கூடு கட்டித் தொங்கவிடுவார்களே, வேடிக்கை பார்க்கப் போன என்னை உட்காரவைத்துக் கட்டக் கற்றுக்கொடுத்தவள் சோமாவதி. "உங்க நாட்டுக்குப் போங்க" என்று கத்திக்கொண்டு வந்த கூட்டத்தில் அவள் அண்ணனும் நின்றான். அதற்காகக் கற்றதை அங்கேயே விட்டுவிட்டா வர முடியும்? கப்பலேறும்போது எங்கள் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தவர்கள் கண்ணில் இது ஒன்றுதான் அகப்படவில்லை.

மார்க்கெட்டில் வீசியிருந்த ஓட்டை முட்டைக்கோஸ் கூடையைப் பிரித்து மூங்கில் சிம்பு எடுத்தோம். சதுரம் சதுரமாகக் கட்டி மூலைகளைச் சேர்த்தோம். கலர் பேப்பருக்கு எங்கே போவது? பீட்ரூட் தோலை வேகவைத்துச் சிவப்பு, மஞ்சள் கரைத்து மஞ்சள். நனைந்த தாளை அடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மூவரும் பூஜை செய்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். தாளைவிட ரவி நன்றாகச் சிவந்திருந்தான். கார்த்திகை தீபத்தன்று வாசல் நிலையில் கட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

பக்கத்து வீட்டு மாராத்தா மகள் ருக்குவோடு வந்தாள். வழக்கம்போல் நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"ஏனுங்க, நீங்க வேதக்காரங்களா? சொல்லவே இல்லீங்க."

"இல்லீங்களே. ஏன் கேக்குறீங்க?"

"ஸ்டார் கட்டியிருக்கீங்க. கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே."

"இது ஸ்டார் இல்லீங்க, வெசாக் கூடு. புத்தர் சாமிக்குக் கட்டுறது."

"அப்ப நீங்க அந்தச் சாமியக் கும்புடறவங்களா?"

"நாங்க முருகனைத்தாங்க கும்பிடுறோம்."

மாராத்தா கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரிலிருந்த முருகனைப் பார்த்தாள். "எதுக்கும் மூணு சாமியும் இருக்கட்டுமுங்க" என்றாள்.

அதற்குள் ருக்கு அவள் கைக்கு அடியில் நுழைந்து உள்ளே வந்துவிட்டாள். "அம்மா, இதுல பீட்ரூட்டு வாசம் அடிக்குது!"

"அடியே, ஊட்டுக்குள்ள கேக்காம போவாதடி!"

"பரவாயில்ல, வரட்டும், வரட்டும்!" நான் கத்திய கத்தலில் அந்தப் பிள்ளை மிரண்டே போனாள்.

அந்த வாரமே எங்கள் வீடு சந்தைக்கடையாகிவிட்டது. லைன் முழுக்கப் பிள்ளைகள், கையெல்லாம் பசை, எந்த வீட்டிலும் பீட்ரூட்டுக்குத் தோல் மிச்சமில்லை. உள்ளே வரமாட்டார்களா என்று ஏங்கியவள், எப்போதடா போவார்கள் என்று ஏங்கினேன். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று புத்தர் சும்மாவா சொன்னார்!

பிறகு ஒரு நாள் காலை, விடாத மழை. எல்லார் வீட்டுத் தீப்பெட்டியும் நமுத்துக் கிடந்தது. ராத்திரி சாம்பலில் மூடிவைத்த கங்கால் என் அடுப்பு மட்டும் எரிந்தது. ருக்கு வந்தாள். கூப்பிடவில்லை, கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து என் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை உருவினாள்.

"எங்கடி கொண்டு போறே?"

"எங்க அடுப்பு பத்தலீங்க. சிலோன் ஊட்டுல போயி நெருப்பு எடுத்துட்டு வான்னு அம்மா சொல்லுச்சுங்க."

சிலோன் வீடு! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. அடுப்பங்கரையில் அழுவதற்கு ஒரு வசதி உண்டு, புகை மேல் பழியைப் போட்டுவிடலாம்.

"கூட்டுல படாம குனிஞ்சு போ" என்றேன்.

"ஏனுங்க, கட்டையத் திருப்பிக் கொண்டாங்க!" என்று அவர்கள் பாஷையிலேயே கமலா கேலி செய்தாள். ருக்கு சிரித்துக்கொண்டே குனிந்தாள். புத்தருக்குக் கட்டிய கூட்டுக்குக் கீழே புகுந்து, மழைக்கு ஒதுங்கிக் கூரையோரமாக, சிலோன் வீட்டு நெருப்பு இந்தியாக்காரர் வீட்டுக்குப் போயிற்று.