சீட்டு ஒட்டிய சிடி

பைத்தான் என்னும் கணினி மொழியில் பேக்கேஜ் எனும் துணை நிரல் ஒன்றை நிறுவுவது அரை மணி வேலை, அதன் மேனுவலைத் தேடுவது அரை வார வேலை என்பது, கல்லூரி லேபில் குப்பை கொட்டிய என் சக பாவிகளுக்குத் தெரியும்.

நூலகச் சட்டம்

இரண்டாயிரங்களின் நடுவில் சென்னையை அடுத்த படூரில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். இறுதியாண்டு மாணவி கலைவாணியின் புராஜெக்டுக்கு வரைபடம் போடும் பேக்கேஜ் ஒன்று தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை நடக்கும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், படம் வராவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். லேபில் இன்டர்நெட் கிடையாது. கேளம்பாக்கம் பிரௌசிங் சென்டரில் பேக்கேஜையும் மேனுவலையும் இறக்கி, ஒரே சிடியில் எழுதி வந்தேன்.

கல்லூரிக்குள் வரும் எதுவும் முதலில் நூலகப் பதிவேட்டில் ஏற வேண்டும். நூலகர் சரோஜா மேடம் சிடிக்கு எண் கொடுத்து, புத்தகத்துக்கு ஒட்டுவதுபோலவே அதன் மேல் தேதிச் சீட்டை ஒட்டி, முத்திரையும் குத்தினார். டிரைவில் போட்டதும், ஒரு பக்கமாக ஒட்டிய சீட்டின் கனத்தில் சிடி ஆடி, கிரைண்டர் மாதிரி அலறியது. திருப்பிக் கொண்டுபோய்ப் புலம்பினேன். மேடம் சிடியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியபடி சொன்னார்: "ஒட்டலைன்னா ஆடிட்ல யாருப்பா பதில் சொல்றது? நீயா?"

மூன்றாவது தபா

மறுநாள் மறுபடி கேளம்பாக்கம். அவசரத்தில் பேக்கேஜை மட்டும் எழுதிக்கொண்டு, பதிவேட்டின் கண்ணில் படாமல் சட்டைக்குள் ஒளித்து வந்தேன். நிறுவினால், இன்னொரு பேக்கேஜ் வேண்டும் என்றது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அதையும் கொண்டுவந்தால், அதற்கு வேறொன்று வேண்டுமாம். திரும்பப் போய் நின்றபோது சென்டர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், காலைலருந்து மூணு தபா வந்துகினு கீறீங்க. மொத்தமா ஒரு லிஸ்ட் எழுதிகினு வந்தா இன்னா?"

தேங்காய் எண்ணெய்

வெள்ளி காலை ஒன்பது மணி. எல்லா பேக்கேஜும் கணினியில் ஏறிவிட்டது. கலைவாணி புரோகிராமை ஓட்டினாள், படம் வரவில்லை. மேனுவலைப் பார்க்கலாம் என்றால், அது பீரோவுக்குள் இருக்கும் சிடியில். பிரௌசிங் சென்டர் பத்து மணிக்குத்தான் திறக்கும். வைவாவும் பத்து மணிக்குத்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நூலகத்துக்கு ஓடினோம். கலைவாணியின் முகத்தைப் பார்த்த சரோஜா மேடம் பீரோவைத் திறந்தார். கைப்பையிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்து, தான் ஒட்டிய சீட்டைத் தானே நகத்தால் உரித்தார். சிடி சத்தமில்லாமல் சுழன்றது. மேனுவல் சொன்ன ஒரே ஒரு வரியைக் கலைவாணி சேர்த்ததும் படம் வந்துவிட்டது.

பத்தரைக்கு வைவா முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "அண்ணா, என்னென்ன பேக்கேஜ் வேணும்னு மேனுவல் மொத பக்கத்துலயே லிஸ்ட் போட்டுக்கீது. நீங்க பாக்கவே இல்லியா?"

அன்றிலிருந்து எதை நிறுவினாலும் முதலில் மேனுவலைத் தேடி எடுத்து மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, நிறுவி முடித்தபின் படித்துக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடங்குகிறேன்.