தொட்டிக்குள் வாங்கிய சம்மதம்

என் அக்கா குடும்பத்தின் முக்கியமான முடிவுகள் எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் எடுக்கப்பட்டன. அதில் மட்டும் அத்தானுக்கு ஒரு சாமர்த்தியம். வேறு எதிலும் அவருக்குச் சாமர்த்தியம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மொட்டை மாடித் தொட்டிகளைக் கழுவுவது அவர்கள் இருவருக்கும் தொழில். தொட்டியின் வாய் குறுகல். அத்தானுக்குத் தலை போகும், வயிறு போகாது. அதனால் அக்காதான் உள்ளே இறங்கிச் சுவரைத் தேய்த்து, சேற்றை வாளியில் அள்ளிக் கொடுப்பாள். அவர் மேலே நின்று வாங்கிக் கொட்டுவார், மிச்ச நேரத்தில் ஊரில் உள்ளவர்களைக் குறை சொல்வார். வேலை முடிந்ததும் அக்கா கையை உயர்த்துவாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிடுவார். ஏணி ஒன்று வாங்கலாமே என்று கேட்டால், "நான்தான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேனே, ஏணி எதுக்கு?" என்பார்.

தூக்குவதற்கு முன்னால்தான் பேச்சு ஆரம்பமாகும். "புது வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். என்ன சொல்றே?" அக்கா வேண்டாம் என்றால் கை வராது. வானத்தைப் பார்த்துச் சீட்டியடிப்பார். பிளீச்சிங் பவுடர் நெடியில் கண் எரிய, கடைசியில் அவள் "சரிங்க" என்பாள். உடனே கை வரும். வண்டி வந்தது இப்படித்தான். அவருடைய அண்ணன் நாலு நாள் தங்க வந்து இன்றுவரை கூடத்தில் படுத்திருப்பதும் இப்படித்தான். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா விளையாட்டுக்கு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் ஒரு நாள் அக்காவைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கியபடி, "உனக்கும் வயசாகுது. பரீட்சை முடியட்டும், நம்ம பொண்ணு இறங்கட்டும். ஒல்லியா வேற இருக்கா. மேல படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலமே அக்கா நான் வேலை பார்க்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்துவிட்டாள். வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, "பரீட்சை முடிஞ்சதும் உள்ள வச்சுக் கேப்பாரு. நானும் சரின்னு சொல்லித் தொலைச்சிடுவேன்டி, எனக்கு என்னைத் தெரியாதா? நானே ஏறி வெளிய வரணும். அதுக்குக் கையில பலம் வேணும்" என்றாள்.

எங்கள் பயிற்சியாளரை நாங்கள் தோள்பட்டை என்றுதான் கூப்பிடுவோம். கழுத்து எங்கே போயிற்று என்பது அவனுக்கே தெரியாது. எல்லாருக்கும் அவனிடம் ஒரே மருந்துதான்: சாப்பிடு, தூக்கு, மறுபடியும் சாப்பிடு. முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை என்று அக்கா விழுங்கித் தள்ளினாள். பலம் வந்தது, கூடவே பின்பக்கமும் வந்தது. ஒரு தொட்டியில் இறங்கும்போது இடுப்பு வாயில் மாட்டிக்கொண்டது. கால் உள்ளே, தலை வெளியே. அத்தான் சோப்புத் தண்ணீரை ஊற்றி உருவி எடுத்தார். "பாத்தியா, இனிமே பொண்ணுதான்" என்று அதையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

நான் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அவ உடம்பு பெருக்கக் கூடாது. ஆனா அவளை அவளே தூக்கணும். வழி தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா" என்று தலையைச் சொறிந்தான். "ஆனா அதை யாரும் கேக்க மாட்டாங்க. கண்ணாடியில தெரியாதே."

சொன்னான். சாப்பாடு பழையபடி இருந்தால் போதும். வியர்த்து விழும்வரை செய்யக் கூடாது. கடினமானதைச் சில தடவை மட்டும் செய்து, களைப்பதற்கு முன்னால் நிறுத்தி, நன்றாக உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு அடுத்தது. ஏற முடியவில்லையென்றால் முக்காலி போட்டு ஏறிக்கொண்டு, மெல்ல மெல்லக் கையாலேயே இறங்க வேண்டும். அப்படி இறங்க இறங்க ஏறுவதற்கும் பலம் வந்துவிடுமாம்.

எங்கள் வீட்டுப் பரணின் விளிம்பு தொட்டி வாயைப் போலவே தடிமன். அக்கா அதில் தொங்கினாள், இறங்கினாள். அதெல்லாம் அவளுக்குக் கஷ்டமாக இல்லை, உட்காருவதுதான் கஷ்டம். பிறந்ததிலிருந்து சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள். நான் திரும்புவதற்குள் என் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். "உக்காரு, அதுவும் பயிற்சிதான்" என்று நான் அதட்டினால், வகுப்பில் திட்டு வாங்கிய பிள்ளையைப் போல முழித்துக்கொண்டு உட்காருவாள். சேர்ந்த சதை மாதங்கள் போகப் போகக் கரைந்தது. ஒரு நாள் முக்காலி இல்லாமலே மேலே போய், இரண்டு முழங்கையையும் பரணில் ஊன்றி, "என்னடி இவ்வளவு குப்பை வச்சிருக்கே?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பரீட்சை முடிந்த வாரம், வாளி தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் வேலைக்குக் கூப்பிட்டாள். வாளிக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். தேய்த்து முடித்ததும் அத்தான் தொட்டி வாயருகே குந்தினார்.

"திங்கக்கிழமை பெரிய தொட்டி ஒண்ணு இருக்கு. பொண்ணைக் கூட்டிட்டு வரட்டா?"

உள்ளே அக்கா பிரஷைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, தூக்கிடறேன்." எழுந்து நின்று சீட்டியடிக்க ஆரம்பித்தார்.

ஈரக் கைகள் இரண்டும் விளிம்பைப் பற்றின. கெஞ்சுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஓரடி தள்ளி நின்றுகொண்டார். தலை வந்தது. ஒரு முழங்கை வந்தது, இன்னொன்று வந்தது. அக்கா உள்ளங்கைகளை ஊன்றி எழும்பி, விளிம்பில் உட்கார்ந்து, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தாள். சீட்டி எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"இப்பக் கேளுங்க" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார், காலியாக இருந்த தொட்டியைப் பார்த்தார். "இல்ல... திங்கக்கிழமை... பொண்ணை..."

"முடியாது."

சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் பிசிறடித்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள்.