வெந்தயக்கீரைக்கு நான் உரம் போட்ட கதை

கீரை வியாபாரியைக் காலை எட்டு மணி வரைக்கும்தான் மனிதனாக மதிப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் அவனும் வாடிய சரக்குதான். தட்டில் விதை போட்டு வயிறு வளர்க்கப் பார்த்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் ஆள் குறைத்தார்கள். குறைந்த ஆள் நான். என் மனைவியின் அண்ணன் செராஸில் லோரிப் பட்டறை வைத்திருந்தார். "வந்து சேரு, ஏதாவது வேலை போட்டுத் தரேன்" என்று மச்சான் கூப்பிட்ட தோரணையிலேயே, ஆயுசுக்கும் அவர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துபோயிற்று. அதற்குப் பயந்துதான் கிள்ளானில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, தட்டுகளில் மண் பரப்பி வெந்தயம் விதைத்தேன். விரல் நீளம் வந்து இரண்டு மூன்று இலை விட்டதும் அறுத்துவிடுகிற குட்டிக் கீரை. பாசார் என்கிற காலைச் சந்தையில் கொஞ்சம் போகும். பெரும்பகுதி பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சைவக் கடைக்கு. அந்தக் கடை வாங்கும்வரை நான் பட்டறைக்குப் போக வேண்டாம்.

யூரியா

முதல் அறுவடை நோஞ்சானாக இருந்தது. கடை முதலாளி முகம் சுளித்தார். பயந்துபோய் யூரியாவை அள்ளி விட்டேன். கீரை மளமளவென்று எழும்பி, தட்டைத் தூக்கவே கை வலித்தது. கட்டுகள் இரண்டு மடங்கு தேறின. பிழைத்துவிட்டோம் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

கிள்ளானிலிருந்து பஸ்ஸில் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேருவதற்குள் கட்டெல்லாம் துவண்டு, கோணிக்குள் வியர்த்துக் கிடந்தது. அப்படியே வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் சமையற்காரர் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். "அண்ணே, பருப்புல போட்டேன், கீரையவே காணோம். தண்ணிதான் இருக்கு. ஒரு கசப்புகூட இல்லலா!"

கோழி எரு

யூரியாவை விட்டுவிட்டு, நன்றாக மக்கிய கோழி எருவுக்கு மாறினேன். கீரை கரும்பச்சையாக நின்றது. பாசாரில் வெள்ளிக்கிழமைதோறும் விரதத்துக்கு வாங்கும் ஆன்டி ஒருவர் அதைக் கண்டு மலர்ந்துபோய், என்ன போட்டாய் என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த கட்டை அப்படியே கீழே போட்டார்.

"கோழி போட்டத சாப்ட்டு வளர்ந்தது எப்படிப்பா சைவம் ஆகும்?"

பக்கத்துக் கடைக் கீரையும் அதில் வளர்ந்ததுதான் என்று கெஞ்சினேன். பக்கத்துக் கடைக்கே போய் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "அவன் சொல்லலையே. நீதான சொன்ன!"

வெறும் தண்ணீர்

வெறுத்துப்போய் எல்லா உரத்தையும் நிறுத்தினேன். முளைக்கு முதல் சில நாள் சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது, நாம் எதற்கு ஊட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. கீரை குட்டையாக, கட்டுக்குக் கட்டு பரிதாபமாக வந்தது. ஆனால் வாயில் போட்டால் சுள்ளென்று கசந்தது.

இனிப்புநீர் வியாதிக்காகக் கசப்பு தேடும் அங்கிள் ஒருவர் ஒரு கிள்ளு மென்று பார்த்து, இதல்லவா வெந்தயக்கீரை என்று பாசாருக்கே கேட்கப் புகழ்ந்தார். செய்தித்தாளில் சுற்றவே ஆரம்பித்துவிட்டேன். அவரோ அடுத்த கடையில் கொழுத்த கட்டாக எடுத்துக்கொண்டிருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சமாதானம் சொன்னார். "உன்னுதுதான் நல்ல கீரை தம்பி. ஆனா வீட்டுக்காரி கட்டோட சைஸத்தான பார்ப்பா!"

சுற்றிய கட்டை வீட்டுக்கே கொண்டுபோய் நானே தின்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஒரு கைப்பிடி

கடைசியில் அளவு பிடிபட்டது. விதைக்கும் முன்பே தட்டுக்கு ஒரு கைப்பிடி எரு, அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். யூரியா அளவுக்குக் குவியவில்லை, நோஞ்சானாகவும் இல்லை. தண்டு தடித்து, அறுக்கும்போதே கொட்டகை முழுக்க மணத்தது. என்ன போட்டேன் என்று இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் சமையற்காரர் அதைக் கடைந்து வைத்ததும், முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இலை போட்டார். அத்தனை மாதத்தில் அந்தக் கடையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். சாப்பிடச் சாப்பிட மச்சானின் முகம் மனசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. முதலாளி விரலை நக்கிக்கொண்டே என் தோளைத் தட்டினார். "வாசம் தூக்குது தம்பி! முன்ன போட்டதுல பாதி போட்டாலே போதும்லா. நாளையிலேர்ந்து பாதி கொண்டா."

இப்போது செராஸில் மச்சானின் லோரிப் பட்டறையில்தான் இருக்கிறேன். அவர் எவ்வளவு கத்தினாலும், அங்கே எதுவும் முளைப்பதில்லை என்பது ஒரு நிம்மதி.