பதினேழு மீட்டர் கோடு

எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அரைமார்க். விடைக்குப் பின்னால் மீட்டர் என்று எழுத மறந்தால் அரை மதிப்பெண் போச்சு. தலைகீழாக நின்றாலும் திரும்பி வராது. ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நான் வரலாறு. என் பாடத்தில் எதற்கும் இரண்டு பக்கம் உண்டு என்று சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஆனால் அவர் வகுப்பில் ஒருவரும் தூங்கியதில்லை. காரணம், அவருடைய வேன் விபத்துப் பாடம். பழைய டயரில் ஒரு துண்டை வெட்டி, உள்ளே சிமெண்ட் நிரப்பி வைத்திருந்தார். பத்து கிலோ. அதை மைதானத்தை ஒட்டிய தார்ச்சாலையில் ஸ்பிரிங் தராசால் இழுக்கச் சொல்வார். தராசு ஏழு காட்டும். ஏழைப் பத்தால் வகுத்தால் தரையின் பிடிப்பு புள்ளி ஏழு. பிறகு கரும்பலகையில் ஒரு கோடு: பிரேக் பிடித்த வேன் சாலையில் விட்டுப்போன டயர் தடம், பதினேழு மீட்டர். வேன் என்ன வேகத்தில் வந்தது? வகுப்பே முட்டிமோதி மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்று சொல்லும்.

"டிரைவர் என்ன சொன்னாரு தெரியுமா? அம்பதுதானாம்," என்பார். வகுப்பு சிரிக்கும்.

அந்த டிரைவர் அவருடைய தம்பி என்பது பள்ளியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் தம்பி ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டினார். சந்திலிருந்து திடீரென்று வந்த காரைப் பார்த்துப் பிரேக் பிடித்தும், நிற்கும் தறுவாயில் அதில் லேசாக இடித்துவிட்டார். யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டினால் வேலை கிடையாது என்பது கம்பெனி விதி. தாண்டவில்லை, வண்டியின் வேக மீட்டரைப் பார்த்தேன் என்றார் தம்பி. கம்பெனி நம்பவில்லை. அவரே தடத்தின் அளவை வாங்கிக்கொண்டு, "எங்க அக்கா கணக்குப் போட்டுத் தருவாங்க, அத ஏத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அக்கா போட்டார். ஐம்பத்தைந்து. மூன்று முறை சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, தம்பி கையிலேயே கொடுத்தார். வேலை போயிற்று. பிறகு இரண்டு இடத்தில் வண்டி ஓட்டக் கூப்பிட்டும் தம்பி போகவில்லை. மரச்சாமான் கடையில் சுமை இறக்கினார். செய்த தப்பு உறுத்துகிறது என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். அக்காவின் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், கிளம்புவார், அவ்வளவுதான் பேச்சு.

"தம்பிக்காக ஒரு அஞ்ச விட்டுக்குடுத்திருக்கலாமே" என்று நான் ஒருமுறை கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இந்த வருடம் மாணவர்கள் நிஜ வண்டியில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். பள்ளி வேன் டிரைவர் ஒப்புக்கொண்டார். பழைய வண்டி, பிரேக்கை ஓங்கி மிதித்தால் நாலு சக்கரமும் சுற்றாமல் இறுகி, தரையில் இழுபடும். வேடிக்கை பார்க்க நானும் போனேன். ஆளில்லாத தார்ச்சாலையில் சரியாக முப்பதில் வந்து மிதித்தார். தடம் எட்டு மீட்டர். கணக்கில் முப்பத்தெட்டு வந்தது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்கள். அப்போதும் முப்பத்தெட்டு.

"உங்க மீட்டர் சரியில்ல," என்றார் அரைமார்க்.

டிரைவருக்குச் சுருக்கென்றது. "போன மாசம்தான் செக் பண்ணது டீச்சர். வண்டிய ஏன் குறை சொல்றீங்க? இங்க வந்து பாருங்க. பிரேக் புடிச்சப்ப, கோடு ஆரம்பிக்கிற இடத்துல பின் சக்கரம் இருந்துச்சு. கோடு முடியிற இடத்துல இப்ப முன் சக்கரம் நிக்குது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற மூணு மீட்டரையும் ஓடுன தூரத்துல சேத்துட்டீங்க. வண்டி ஓடுனது அஞ்சுதான்."

மாணவர்கள் ஐந்தை வைத்துப் போட்டார்கள். முப்பது வந்தது. கைதட்டினார்கள். அரைமார்க் கைதட்டவில்லை. வேனின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே நாடாவைப் பிடித்துத் தானே அளந்தார். மூன்று மீட்டர்தான். தம்பி ஓட்டியதும் இதே ரக வேன். சுண்ணக்கட்டியை எடுத்து, குனிந்து, தரையிலேயே பதினேழில் மூன்றைக் கழித்து எழுதினார். விடை நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்று மாலையே தம்பியைப் பார்க்கக் கிளம்பினோம், என் காரில். வழி நெடுக அவர் என் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் நாற்பதைத் தாண்டவில்லை.

கடையின் பின்பக்கம் தம்பி ஒரு அலமாரியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அக்கா புதுக் கணக்கை எழுதிய தாளை நீட்டினார்.

"நான் தப்பாப் போட்டுட்டேன்டா. நீ சொன்னதுதான் சரி. கம்பெனிக்கும் எழுதித் தரேன்."

தம்பி கையுறையைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கினார். "நீ தப்பாப் போட்டியா?"

"அம்பதுதான்னு உனக்குத் தெரியும்ல? ஏன்டா எங்கிட்ட சண்ட போடல?"

"நீ போட்ட கணக்கு தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லக்கா. என் கண்ணுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். மீட்டரையே சரியாப் பாக்கத் தெரியாதவன் வண்டி ஓட்டக் கூடாதில்ல. அதான் அப்புறம் ஸ்டியரிங்கத் தொடல."

அரைமார்க் அங்கே கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். தம்பி தாளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தார்.

"அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேன்," என்றார்.